அச்சம் கட்டிய ஓடு

‘அடியாத மாடு படியாது’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. ‘அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்’ என்பது அதற்குத் துணைமொழி. பிள்ளை வளர்ப்பு, பள்ளிப் பாடம், கடையில் வேலைக்கு நிற்கும் பையனைப் பழக்குதல் ஆகிய அனைத்திலும் இவ்விரு மொழிகளும் எழுதாச் சட்டம்போல் வழங்கி வருகின்றன. இவற்றின் உட்கருத்தைச் சற்றே விரித்தால் அது ஒரு தத்துவமாகவே உருக்கொள்ளும். உயிர்களைச் செவ்வையாக உருவாக்குவது அச்சம். பகையும் இடரும் இல்லாத இடத்தில் உறுதி பிறப்பதில்லை. ஆகவே, அச்சுறுத்துகிறவனும் ஒருவகையில் நன்மையே செய்கிறான் என்பது அத்தத்துவம்.

இது மெய்தானா? அறிஞர்களின் வாதங்களைக் கொண்டு இதனை ஆராயலாம். ஆனால் வாதத்துக்கு எதிர்வாதம் எப்போதும் உண்டு. அச்சம் ஓர் உயிரை எவ்வாறு செதுக்குகிறது என்பதைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, தராசில் நிறுத்தும் பார்க்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது கடற்கரை. வாசக அன்பர்கள் சற்று நேரம் நம்மோடு அங்கே வருதல் வேண்டும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்கும் சிறுவர்கள், சிலவற்றில் வட்டமான சிறு துளை ஒன்று இருப்பதைக் கண்டு மகிழ்வார்கள். நூல் கோத்து மாலையாக்க வசதியாக யாரோ துளையிட்டு வைத்தாற்போல் அது அத்துணை ஒழுங்காக இருக்கும். அத்துளையை இட்டது இன்னொரு நத்தை. ஊனுண்ணும் கடல் நத்தைகளுள் சில, இரையின் ஓட்டின்மீது அமர்ந்து, ஓட்டை இளக்கும் ஒருவகை நீரைச் சுரந்து, அரம்போன்ற நாக்கினால் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில், சுரண்டிச் சுரண்டித் துளையிடுகின்றன. துளை முடிந்ததும் உள்ளிருக்கும் மெல்லுடலை உண்டுவிட்டு அப்பால் செல்கின்றன. சிறுமியின் கழுத்து மாலையில் தொங்கும் ஒவ்வொரு துளையும் ஒரு கொலையின் சுவடாகும்.

முதுகெலும்பில்லாத இச்சிற்றுயிர்களுக்குக் கடலோரப் பாறை ஓர் ஓயாப் போர்க்களம். நண்டு ஓட்டை நொறுக்கும், நட்சத்திர மீன் மட்டியின் இரு மூடிகளையும் பற்றி இழுத்துத் திறக்கும், நத்தை துளையிடும். எதிர்ப்பக்கத்திலும் தற்காப்பு முறைகள் பல உண்டு. நண்டின் வாடை நீரில் பட்டதும் சில நத்தைகள் பாறைப் பிளவுக்குள் பதுங்கும்; சில, நீர்மட்டத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும். நட்சத்திர மீனின் கை பட்ட மாத்திரத்தில் ஒருவகைச் சிப்பி தன் இரு மூடிகளையும் கைதட்டுவதுபோல் அடித்து அடித்து நீரில் நீந்தி ஓடிவிடும். ‘அச்சம்’ என்னும் சொல்லை இவற்றுக்கு நாம் உவமையாகவே வழங்குகிறோம். நத்தையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்று நாம் புகுந்து பார்த்ததில்லை. ஆயினும் ஆபத்தை உணர்ந்து தன் நடத்தையையும், தன் உடலையுமே மாற்றிக்கொள்ளும் அந்தத் தன்மைக்கு வேறு பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

விரல்கள் வாசித்த வரலாறு

நெதர்லாந்தில் 1946-இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய கேரட் வெர்மை என்னும் அறிஞர், சிறு குழந்தையாய் இருக்கையிலேயே இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். சிப்பிகளையும் நத்தை ஓடுகளையும் விரல்களால் தடவித் தடவியே அவர் கற்றார். கண்ணுடையோர் நிறத்தையும் அழகையும் கண்டு வியந்த இடத்தில் அவருடைய விரல்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தன. ஓட்டின்மீது நெளிநெளியாக ஓடும் வடுக்களே அவை. ஒரு காலத்தில் நண்டு அந்த ஓட்டின் விளிம்பை உடைத்திருக்கிறது. நத்தை உள்ளே ஒடுங்கித் தப்பியிருக்கிறது. பிறகு உடைந்த இடத்தைச் செப்பனிட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அச்செப்பத்தின் தடமே வடு.

வெப்பமண்டலக் கடல்களின் நத்தை ஓடுகள் குளிர்க்கடல்களின் ஓடுகளைவிடத் தடித்தவை என்றும், வாய் குறுகியவை என்றும், அவ்வாயின் ஓரத்தில் பற்கள் அமைந்தவை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வகையிலும் இந்துமாக்கடலிலும் மேலைப் பசிபிக் கடலிலும் வாழ்வன மிகுந்த தற்காப்பு உடையவை. நம் வீட்டுப் பெண்கள் பல்லாங்குழி ஆடும் சோழியை எடுத்துப் பாருங்கள். வழவழப்பான முதுகு, கீறல் போன்ற ஒடுங்கிய வாய், வாயின் இருபுறமும் பற்கள்! நண்டின் கொடுக்குக்குப் பிடியும் கிடைக்காது, நுழைய வழியும் கிடைக்காது. வேட்டையாடும் உயிர்கள் வலிமை பெறப்பெற, வேட்டையாடப்படும் உயிர்களும் தம் அரணை உயர்த்திக்கொண்டே வந்திருக்கின்றன என்னும் கருத்தை அவர் 1987-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார்.

இதைக் கேட்டதும் பழமொழிக்காரர் எழுந்து, “நாம் சொன்னது சரியாயிற்றா? நண்டு இல்லையேல் சோழிக்கு இந்த அழகும் உறுதியும் ஏது?” என்று வினவக்கூடும். அவசரம் வேண்டாம். வடுவைப் பற்றிச் சிந்திக்கும்போது முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வடு என்பது தோற்றுப்போன தாக்குதலின் அடையாளம். வென்ற தாக்குதல் வடுவை விட்டுவைப்பதில்லை, சில்லுகளையே விட்டுச்செல்கிறது. அச்சில்லுகளை அலை அரைத்து மணலாக்கிவிடுகிறது. ஆகவே, வடுப்பட்ட ஓடுகளை மட்டும் எண்ணிவிட்டு, “பாருங்கள், நண்டு தாக்கிய நத்தைகளெல்லாம் எவ்வளவு திடமாக இருக்கின்றன!” என்று கூறுவோமானால், நாம் காலடி மணலைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்களாவோம்.

மனிதர் அவையிலும் நிகழ்வது இதுவே அன்றோ! “எங்கள் உஸ்தாத் அடித்த அடியில்தான் நான் ஆளானேன்” என்று நெஞ்சு நிமிர்த்திக் கூறுகிறவர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் பொய் கூறவில்லை. ஆனால் அதே அடிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு ஓடியவன், படிப்பென்றாலே வெறுத்துப்போனவன், வாய் திக்கத் தொடங்கி இன்றுவரை நிற்காதவன் ஆகியோர் அந்த அவையில் எழுந்து பேசுவதில்லை. தப்பியவரின் சான்றை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் நீதிமன்றமாகாது.

ஓட்டின் விலை

அப்படியானால், தப்பிப் பிழைத்ததையாவது அச்சம் வளப்படுத்துகிறதா? இதற்கு விடை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கிடைக்கிறது. ஐரோப்பாவுக்கு உரிய பச்சை நண்டு கடல் கடந்து அங்கே சேர்ந்துவிட்டது. 1817-இலேயே அது பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மெல்ல மெல்ல வடக்கே பரவி, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெய்ன் மாநிலத்தின் கடலை அது எட்டியது. அக்கரையில் வாழும் சிறு நத்தையினம் ஒன்றின் ஓடுகளை, நண்டு வருமுன் சேகரித்து வைக்கப்பட்டவற்றோடும் 1980-களில் எடுத்தவற்றோடும் ராபின் சீலி என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டு, 1986-இல் முடிவை வெளியிட்டார். பழைய ஓடுகள் உயர்ந்த கோபுரமும் மெல்லிய சுவரும் கொண்டவை. புதியவை தாழ்ந்து, தட்டையாகி, தடித்த சுவர் கொண்டவை. ஒரு நூற்றாண்டுக்குள் ஓர் உயிரினத்தின் வடிவமே மாறிவிட்டது.

பிற்காலத்தில் ஜெஃப்ரி டிரசல் என்பாரும் அவருடைய துணைவர்களும் அதே கடலில் இந்நத்தைகளைச் சோதித்தனர். நண்டையும் நத்தையையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்தனர். நண்டு நத்தையைத் தொட முடியாது. அதன் வாடை கலந்த நீர் மட்டுமே நத்தையை வந்தடையும். அவ்வாடை ஒன்றே போதுமானதாயிற்று. நண்டின் அருகே வளர்ந்த நத்தைகள் தடித்த ஓட்டைக் கட்டிக்கொண்டன. ஆனால் ஓட்டுக்குள்ளிருந்த உடலை நிறுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஓடு தடித்த அளவுக்கு உள்ளே உடல் குறைந்திருந்தது. சுவரை உள்நோக்கித் தடிக்கச் செய்தவன் தான் குடியிருக்கும் அறையைக் குறுக்கிக்கொண்டதுபோல் ஆயிற்று.

இன்னும் ஒன்றுண்டு. பாறையில் ஒட்டிவாழும் சிற்றுயிர்களைத் தின்னும் மற்றொரு நத்தையினத்தை அவர்கள் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியது. நண்டின் வாடையில் வாழ்ந்த நத்தைகள் பதுங்கிக் கிடந்தமையால் குறைவாக உண்டன, இது எதிர்பார்த்ததே. ஆனால் உண்ட உணவும் வேண்டிய அளவுக்கு உடலாக மாறவில்லை! ஒரே அளவு இரையிலிருந்து, அஞ்சிய நத்தை பெற்ற வளர்ச்சி, அஞ்சாத நத்தை பெற்றதைவிடக் குறைவாக இருந்தது. ‘பயந்து சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது’ என்று நம் வீட்டு மூதாட்டிகள் சொல்வதுண்டு. அம்முதுமொழி நத்தைக்கும் பொருந்துவதைக் காண்கையில் நாம் வியப்படைகிறோம்.

மெக்சிகோ நாட்டின் கலிபோர்னியா வளைகுடாவில் இதனினும் நெஞ்சைத் தொடும் காட்சி ஒன்று உண்டு. பாறைகளிலும் படகின் அடிப்பலகைகளிலும் வெண்ணிறக் கூம்புபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றுயிரை நாம் அறிவோம், கொட்டலசு என்பர். இளமையில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டபின் அது ஆயுள் முழுதும் அவ்விடத்தைவிட்டு நகர்வதில்லை. ஓடி ஒளியவும் இயலாது. அவ்வளைகுடாவில் வாழும் கொட்டலசு ஒன்று, தன்னைத் தின்னும் நத்தை அருகில் திரியும் இடத்தில் வளர நேர்ந்தால், நேராக வளராமல் ஒருபக்கமாக வளைந்து வளர்கிறது. அதனால் அதன் வாய் மேல்நோக்கி அமையாமல் பக்கவாட்டில் அமைந்துவிடுகிறது. நத்தையின் தாக்குதல் எளிதில் பலிப்பதில்லை. கர்டிஸ் லைவ்லி என்னும் ஆய்வாளர் 1986-இல் இதனை விளக்கினார். வளைந்தது பிழைக்கிறது. ஆனால் நிமிர்ந்து வளர்ந்ததைவிட மெதுவாகவே வளர்கிறது, குறைவாகவே முட்டையிடுகிறது. நத்தை அவ்விடத்தைவிட்டுப் போய்விட்டாலும் அந்த வளைவு நிமிர்வதில்லை.

ஓடு உறுதியாவது உண்மை. அவ்வுறுதி இலவசமாக வருவதில்லை என்பதும் உண்மை. உடலாக வேண்டியது ஓடாகிறது. சந்ததியாக வேண்டியது வளைவாகிறது. அச்சம் புதிதாக எதையும் ஈவதில்லை. உயிரிடம் ஏற்கெனவே இருப்பதை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்கிறது, அவ்வளவே.

நட்சத்திர மீன் இல்லாத பாறை

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் நேர்மையோடு கேட்டல் நம் கடன். அமெரிக்காவின் மேலைக் கரையில், வாஷிங்டன் மாநிலத்து முக்காவ் விரிகுடாவில், ராபர்ட் பெய்ன் என்னும் அறிஞர் 1963-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். பாறையின் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களையெல்லாம் பெயர்த்தெடுத்துக் கடலில் எறிந்தார். மீண்டும் வந்தவற்றையும் எறிந்தார். கொல்வோன் ஒழிந்தால் எல்லா உயிரும் செழிக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. நட்சத்திர மீன் விரும்பி உண்ணும் மட்டிகள், தம்மைத் தடுப்பாரின்றிப் பெருகிப் பாறையை மூடிக்கொண்டன. மற்றவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லாது போயிற்று. 15 இனங்கள் வாழ்ந்த அவ்விடத்தில் 8 இனங்களே எஞ்சின என்று 1966-இல் அவர் எழுதினார். கல் வளைவின் உச்சியிலிருக்கும் ஒரு கல் பெயர்ந்தால் வளைவே சரிவதுபோல், ஓர் இனம் நீங்கினால் ஒரு சமுதாயமே சரியும் என்னும் கருத்துக்கு அவர் 1969-இல் பெயரும் சூட்டினார்.

ஆகவே, வேட்டையாடும் உயிர் கடற்கரையின் பகை என்று நாம் கூற இயலாது. அது இல்லாத கரை சொர்க்கமும் அன்று. வலுத்தவன் இளைத்தவனை இடமின்றி நெருக்கும் கரையே அது. இவ்வுண்மையை நாம் மறைக்கவில்லை.

ஆனால் இதிலிருந்து பழமொழிக்காரர் விரும்பும் முடிவு பிறக்கிறதா? இல்லை என்பதே நம் துணிபு. காரணங்கள் மூன்று. முதலாவது, நட்சத்திர மீனால் நன்மை பெற்றவை, இடம் கிடைத்த பிற இனங்கள். தின்னப்பட்ட மட்டி அன்று. ‘உன் நன்மைக்காகவே உன்னை அச்சுறுத்துகிறேன்’ என்று மட்டியிடம் கூறும் உரிமை நட்சத்திர மீனுக்கு இல்லை. இரண்டாவது, அப்பாறையில் நட்சத்திர மீன் தடுத்தது வலுத்ததன் ஆக்கிரமிப்பை. வீட்டில் பிள்ளையை அச்சுறுத்தும் பெரியவரோ தாமே அங்கு வலுத்தவர். உவமையை நேர்மையாகப் பொருத்தினால் அவர் நட்சத்திர மீனின் இடத்தில் நிற்கவில்லை. பிறர் ஒட்ட இடமின்றிப் பாறை முழுவதையும் மூடிக்கொண்ட மட்டியின் இடத்தில்தான் நிற்கிறார். மூன்றாவது, நண்டுக்குப் பசி உண்டு. வேறு வழி இல்லை. நமக்கு வேறு வழி உண்டு. தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெற்றவன், தேர்ந்தெடுக்க இயலாததன் செயலைத் தனக்குச் சான்றாகக் காட்டுதல் முறையன்று.

கருணையுள்ள இறைவன் நண்டையும் நத்தையையும் இவ்வாறு ஏன் படைத்தான் என்று சிலர் வினவுவர். அந்த வினாவின் ஆழத்தில் இறங்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் படைப்பின் ஏற்பாட்டை நம் சினத்துக்கு நியாயமாக எடுத்துக்கொள்ளும் துணிவு மட்டும் நமக்கு வேண்டாம் என்பதை அறிய ஆழத்தில் இறங்கத் தேவையில்லை.

அளவறிந்த அச்சம்

இனி, அச்சமே கூடாது என்கிறோமா? அதுவும் அன்று. ஆசியாவுக்கு உரிய கரை நண்டு ஒன்று 1988-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் வடக்கே பரவியது. ஃப்ரீமன், பையர்ஸ் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நண்டோடு ஏறத்தாழ 15 ஆண்டுகள் பழகிய தென்பகுதி மட்டிகள் அதன் வாடைக்கு ஓட்டைத் தடிக்கச் செய்தன. அது இன்னும் எட்டாத வடபகுதி மட்டிகளோ அவ்வாடையைப் பொருட்படுத்தவே இல்லை. ஆபத்தை அறியாத உயிர் ஆபத்தின் எதிரே வெறுங்கையோடு நிற்கும். ஆகவே, எது தீங்கு என்பதைப் பிள்ளைக்கு அறிவித்தல் பெற்றோரின் கடமையே.

ஆனால் அறிவித்தல் வேறு, அச்சுறுத்தல் வேறு. இவ்வேறுபாட்டையும் நத்தையே நமக்குக் காட்டுகிறது. ஆப்பிள்டன், பாமர் ஆகிய இருவர் 1988-இல் வெளியிட்ட சோதனையில், மீனைத் தின்ற நண்டின் வாடையைவிட, தன் இனத்து நத்தையையே தின்ற நண்டின் வாடைக்கு நத்தைகள் தம் வாயின் பற்களை மிகுதியாக வளர்த்தன. எந்த நண்டு தனக்குப் பகை, எது அத்துணைப் பகையன்று என்று நத்தை தரம் பிரித்து அறிகிறது! அச்சம் அதற்கு ஒரு கருவி. வேண்டும்போது வேண்டும் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்கு நாம் தரவேண்டியது இந்தத் தரம் பிரிக்கும் அறிவே. தெருவில் விரையும் வண்டிக்கு அஞ்சலாம். ஆழங்காணா நீருக்கு அஞ்சலாம். தீய நட்புக்கு அஞ்சலாம். இவற்றினின்று ஓடிவந்து ஒதுங்கும் பாறைப் பிளவாக வீடு இருக்க வேண்டும். அந்தப் பிளவுக்குள்ளேயே நண்டின் வாடை வீசுமானால் நத்தை எங்கே போகும்?

இங்கே நம் சொந்தக் கணக்கையும் வாசகர்முன் வைத்தல் நேர்மையாகும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் மாலையில் வீடு திரும்பி வாசற்படியில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் உள்ளே எழுந்துகொண்டிருந்த சிரிப்பொலி நின்றுபோகும். “வாப்பா வந்துட்டாங்க” என்று ஒரு குரல் தாழ்ந்து ஒலிக்கும். நாம் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் புத்தகத்தின்மீது குனிந்திருப்பார்கள். “நீங்க வந்தாத்தான் வீடு அடங்குது” என்று பிள்ளைகளின் உம்மா பெருமையாகவே கூறுவார். நாமும் அதனை நெடுங்காலம் பெருமையாகவே எண்ணியிருந்தோம்.

ஒருநாள் மூத்த மகன் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற தாளைப் பரணில் அரிசிப் பானைக்குப் பின்னே ஒளித்து வைத்திருந்தது தெரியவந்தது. மதிப்பெண் குறைந்ததற்காக அன்றி, பொய் சொன்னதற்காக அவனைக் கடிந்தோம் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அந்தப் பொய் அவனிடத்தில் எங்கிருந்து வந்தது என்று அன்று நாம் எண்ணவில்லை. பொய் என்பது பிள்ளை கட்டிக்கொள்ளும் ஓடு. அந்த ஓட்டுக்கு வேண்டிய வாடை நம்மிடமிருந்தே வீசியிருக்கிறது.

இன்று அவன் வளர்ந்து குடும்பத்தலைவனாகிவிட்டான். மரியாதையில் குறை வைப்பதில்லை. மாதந்தோறும் வருகிறான், உடல்நலம் கேட்கிறான், நாம் எது சொன்னாலும் “சரி வாப்பா” என்கிறான். அதற்குமேல் ஒரு சொல் வருவதில்லை. அவன் தொழிலில் பெரும் நட்டம் ஏற்பட்டு மீண்ட செய்தியை நாம் அயலார் வாயிலாகவே அறிந்தோம். சோழியின் வாயைப்போல் ஒடுங்கிய அந்த ‘சரி வாப்பா’வுக்குள் நம்மால் நுழைய முடிவதில்லை. ஓடு உறுதியாகவே இருக்கிறது. அவ்வுறுதி நம்மிடமிருந்து காத்துக்கொள்ளக் கட்டியது என்பதை எண்ணும்போது, பழமொழியின் வெற்றியைக் கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

அவன் கெட்டுப்போகவில்லையே, நல்லவனாகத்தானே வளர்ந்திருக்கிறான் என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆம், நல்லவனே. வளைந்த கொட்டலசும் உயிரோடுதான் இருக்கிறது. நிமிர்ந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதே நம் வினா. அதற்கு விடையறிய நம்மிடம் இன்னொரு மகன் இல்லை. இன்னோர் இளமையும் இல்லை.

ஆயினும் மனமுடைய வேண்டுவதில்லை. கொட்டலசின் வளைவு நிமிராது; ஆனால் நத்தையின் ஓடு வளரும் முறையை நோக்குங்கள். அது வாயின் விளிம்பில் மட்டுமே வளர்கிறது. கட்டிய பகுதியை நத்தை இடிப்பதில்லை, வடுவை அழிப்பதுமில்லை. பழையதன் ஓரத்தில் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மனித உறவும் அத்தகையதே. நேற்றைய சுற்றுகளை நாம் மாற்ற இயலாது. இன்று விளிம்பில் சேரும் சிறு கீற்று எப்படி அமைய வேண்டும் என்பது இன்னும் நம் கையில் இருக்கிறது. சென்ற மாதம் மகன் வந்தபோது, நாம் அறிவுரை எதுவும் கூறாமல், நம் இளமையில் கடையில் செய்த ஒரு பெருந்தவற்றை அவனிடம் சொன்னோம். அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். ‘சரி வாப்பா’ என்று சொல்லவில்லை. “பிறகு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டான்.

பிள்ளைகளைப் பெற்றோரே, பள்ளியில் கற்பிப்போரே, கடையில் நாலு பேரை வைத்து வேலை வாங்குவோரே! உங்கள் காலடியோசை கேட்டு ஓர் இடம் அடங்குமானால், அதை மரியாதை என்று உடனே கணக்கெழுதிவிடாதீர்கள். ஒரு கணம் வாசலிலேயே நின்று கேளுங்கள். உள்ளே நின்றுபோனது சிரிப்பொலியா, அல்லது ஏதேனும் ஓர் உயிர் தன் ஓட்டை மூடிக்கொண்ட ஓசையா என்று சிந்தியுங்கள். நாளை நீங்கள் நுழையும்போதும் அந்தச் சிரிப்புத் தொடருமானால், உங்கள் வீட்டில் ஓடாகவேண்டியிருந்தது உடலாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.